பல்லக்கும் படிக்கட்டும்

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் அழகர் மலையிலிருந்து வண்டியூர் வரையில் வழியெல்லாம் பந்தல், வழியெல்லாம் மண்டகப்படி, வழியெல்லாம் மக்கள் வெள்ளம்! ஓரடியும் தானாக எடுத்துவைக்க இயலாத திருமேனியைத் தோளிலே சுமந்து, வைகையிலே இறக்கி, வண்டியூரில் இராத் தங்கவைத்து, மீண்டும் மலை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். தை பிறந்தால் மீனாட்சிக்கும் சொக்கருக்கும் வண்டியூர்த் தெப்பக்குளத்திலே நீருலா. வடம் பிடிக்கத்தான் எத்தனை கைகள்!

நம்பிக்கையுடையோரை நோகச் செய்வதற்காக இதைக் கூறவில்லை. நடக்க இயலாத ஒன்றுக்கு ஆற்றையும் குளத்தையும் காட்டியே தீருவது என்று ஓர் ஊர் முடிவு கட்டிவிட்டால், தோளும் பொருளும் தாமே திரண்டுவிடுகின்றன என்பதைச் சுட்டவே கூறுகிறோம். அதே தெப்பக்குளக் கரைக்குக் கால் வலுவிழந்த இளைஞனொருவன் சக்கர நாற்காலியில் வந்து சேரட்டும். நீரருகே போக அவனுக்கு வழியில்லை. கீழே இறங்குவதெல்லாம் கற்படிகள். "பாவம், முன்வினை" என்றொரு குரல் எழும். மடியிலே நாணயமொன்று விழும்.

முன்வினையா? 17ஆம் நூற்றாண்டிலே திருமலை நாயக்கர் வெட்டுவித்த குளம் அது. அந்தப் படிகளைச் செதுக்கியது கல்தச்சனின் சிற்றுளி. பிரமனின் எழுத்தாணிக்கும் அதற்கும் தொடர்பில்லை!

'பொறி' இல்லாமைக்காக எவரையும் பழித்தல் ஆகாது, முயலாமையே பழிக்குரியது என்ற கருத்தை வள்ளுவர் ஆள்வினையுடைமையில் வைத்தார். பரிமேலழகர் அந்தப் பொறிக்கு விதியென்று உரை கண்டார். உறுப்பென்று பொருள் கொண்டாரும் உளர். நாம் பின்னவர் பக்கம். எப்பொருள் கொண்டாலும், அறிந்தும் செய்யாதிருப்போர் தலையிலேதான் பழி வந்து விழுகிறது.

விதி பேசுவோரை விட்டுவிடுவோம். அவர்களைவிட நுட்பமான தவறொன்றை நம்மைப் போன்றோரே செய்கிறோம். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவிலே உயரம் தாண்டித் தங்கம் வென்றார். மதுரையின் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் கொணர்ந்தார். மாலையிட்டோம், மகிழ்ந்தோம், மகிழத்தான் வேண்டும். ஆயினும் ஒன்று கேட்போம். வண்டியூர்க் கண்மாய்க் கரையிலே மாலைக் காற்று வாங்கும் மற்ற இளைஞரிடம் எவரேனும் பதக்கம் கேட்டதுண்டா? அவர்கள் வெறுமனே உட்காரலாம், நீரிலே கல்லெறியலாம், கொக்கைப் பார்த்துப் பொழுதை வீணாக்கலாம். குறையுள்ள உடலோடு பிறந்தவன் மட்டும் ஊருக்குப் பெருமை தேடித் தந்த பிறகே வெயிலையும் வெட்டவெளியையும் நுகர வேண்டுமா? அவனுக்குக் காற்று எப்போது கூலியாயிற்று? கூலியில்லையெனில் ஏன் பிச்சையாயிற்று? பொழுதை வீணாக்கும் உரிமையும் மனித உரிமைதான்!

சட்டம் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சாரணர் பணியிலும் திறந்தவெளி முகாம்களிலும் துணிவு விளையாட்டுகளிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் விதிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். பள்ளிச் சுற்றுலா நாளன்று நடப்பதோ வேறு. "உனக்குத்தானப்பா சிரமம், நீ வீட்டிலேயே இரு" என்பார் ஆசிரியர். "விழுந்து வைத்தால் என்ன செய்வது?" என்பாள் தாய். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்; அன்பிலே பிறந்த அச்சம் அது. என்றாலும், மரமேறிச் சறுக்கி முழங்கால் சிராய்க்காத பிள்ளை எந்த வீட்டிலே உண்டு? தமையனுக்கு அந்தச் சிராய்ப்பு வீரம். தம்பிக்கு மட்டும் அது விபத்தா? அன்பு காவலாளியாகிவிட்டால் வீடு சிறையாகிவிடும்.

கண் காணாதவருக்கு மலை எதற்கு என்பாரும் உளர். மதுரையை அடுத்த அரிட்டாபட்டிக் குன்றுகள் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. பறவை தேடிச் செல்வோர் கண்ணோடு காதையும் நம்புகின்றனர். பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டிலோ, ஓசையெழுப்பும் பந்தைச் செய்தார்கள். ஆட்டம் ஆளுக்கேற்ப மாறியது, மட்டையும் சுழன்றது!

சென்னை மெரினாவில் நாற்காலிச் சக்கரம் மணலிலே புதையும். அலையைத் தொட விரும்பியோர் பல்லாண்டு வேண்டினர், வாதாடினர். 2022 நவம்பர் 27ஆம் நாள் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. இரு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, செப்பனிட்டார்கள். புயல் நெடுஞ்சாலையையுந்தான் உடைக்கிறது. அதற்காகச் சாலையே வேண்டாவென்பார் எவருமில்லை.

வண்டியூருக்கு 263 மீட்டர் தேவைப்படாது. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு, இதுவே சக்கர நாற்காலிக்கான கணக்கு. அரையடி உயரப் படி மூன்று இருக்குமிடத்தில் பதினெட்டடிச் சரிவு போதும். தோழர்களே, வரும் ஞாயிறு மாலை அளவு நாடாவுடன் கண்மாய்க் கரைக்கும் தெப்பக்குளக் கரைக்கும் செல்லுங்கள். சக்கர நாற்காலியில் வரும் தோழரையும், கோலூன்றி வரும் தோழரையும் உடன் அழையுங்கள். எந்த இடத்தில் தடை, எந்த இடத்தில் கைப்பிடி வேண்டுமென்று அவர்கள் சொல்லட்டும். நீங்கள் அளந்து எழுதுங்கள். அந்தத் தாளிலே முதற்கையொப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும். திங்கட்கிழமை காலை மாநகராட்சி அலுவலகம் திறந்திருக்கும்.