சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்

நூலுக்குரிய அழகுகள் பத்தினைக் கூறுமிடத்து நன்னூலார் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். குற்றங்கள் பத்தினைக் கூறுமிடத்தும் அவர் முதலில் வைத்தது குன்றக் கூறலையே. இரண்டிலும் நிகழ்வது சொற்குறைவு. ஒரே குறைவு ஓரிடத்தில் அழகாகவும் பிறிதோரிடத்திற் குற்றமாகவும் ஆவது எங்ஙனம்? இலக்கணம் பயிலும் மாணவனுக்கு இது பரீட்சை வினா, அவ்வளவே. ஆயின் ஏட்டிலிருந்து பெயர்த்து வயலுக்குக் கொண்டு செல்லின், இதுவே அறவியல் வினாவாக மாறிவிடுகின்றது.

பயிராய்வாளரிடையே செய்திமடல் என்றொரு வழக்கு உண்டு. முழுமையான ஆய்வுக் கட்டுரை அச்சேறுவதற்கு முன்னரே, ஓராண்டிற் கண்டவற்றை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் மடல் அது. கோர்னெல் பல்கலைக்கழகத்து எமர்சன் 1929இல் சோள மரபியலாளருக்குச் சுற்றுக்கு விட்ட கடிதத்திலிருந்து இவ்வழக்கு வளர்ந்தது. கோதுமைக்கான ஆண்டுச் செய்திமடல் 1954இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. நெல்லுக்கெனப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1976இல் ஒரு மடலை வெளியிடத் தொடங்கியது. கோதுமை இலங்கையில் விளைபயிரன்று. எனினும் இறக்காமத்திலும் காலையிற் பாண் உண்ணப்படுகின்றது. எங்கோ எவரோ எழுதும் குறிப்பு, அதனை ஒருபோதும் வாசியாதவரின் உணவுவரை வந்து சேர்கின்றது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இத்தகைய மடல்களுக்குக் கைப்பிரதி ஆயத்தம் செய்வோர் சில விதிகளுக்கு அமைதல் வேண்டும். நெல் மடல் வெளிவந்த காலத்தில் அதற்கிருந்த விதிகளை நோக்குக. குறிப்பு மிகச் சுருக்கமாக இருத்தல் வேண்டும். மெற்றிக் அளவையே வேண்டும், உள்நாட்டு அளவைகள் ஆகா. விளைச்சலை ஹெக்டேயருக்கு இத்தனை தொன் எனக் கூற வேண்டும். மருந்துகளை வணிகப் பெயராற் சுட்டலாகாது. இவ்விதிகள் வேண்டாதன என எவரும் வாதிடார். அவணம் என்றும் மரைக்கால் என்றும் எழுதினால் மணிலாவில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பெரும்போகம் என்று மட்டும் எழுதினால் எந்த மாதம் என அவர் அறியார். சுருங்கச் சொல்லல் இங்கு உண்மையாகவே அழகாகின்றது. குற்றம் நுழைவது வேறொரு வாயிலால்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஆய்வாளர் ஒருவர் இறக்காமத்து வட்டையொன்றில் மூன்று விவசாயிகளின் வயல்களிற் புதிய நெல்லினம் ஒன்றைப் பரீட்சிக்கின்றார். இரண்டு வயல்கள் வாய்க்காலின் தலைப்பிலும் மூன்றாவது அதன் கடைக்கோடியிலும் அமைந்துள்ளன. குடலைப் பருவத்தில் நீர்முறை தவறுகின்றது. வட்டவிதானை எவ்வளவோ முயன்றும் கடைக்கோடிக்கு நீர் எட்டவில்லை. மூன்றாம் வயல் பதராகின்றது. இரண்டு களவெட்டிகளிற் பொலி குவிகின்றது. குறிப்பு எழுத அமரும் ஆய்வாளர், நீர் வாராமை நெல்லினத்தின் குற்றமன்று எனக் கருதி மூன்றாம் வயலை விட்டுவிடுகின்றார். இரண்டு வயல்களின் சராசரி மடலுக்குச் செல்கின்றது.

அவர் எழுதிய எண்களில் ஒன்றேனும் பொய்யன்று. எனினும் அக்குறிப்பு முழுமையும் பொய்யாகிவிட்டது. கல்லோயாப் பிரதேசத்தில் வாய்க்காற் கடைக்கோடிக்கு நீர் எட்டாமை தற்செயலான விபத்தன்று. கோர்னெல் பல்கலைக்கழகத்தாரே 1980களில் இலங்கை ஆய்வாளருடன் இணைந்து கல்லோயா இடதுகரையில் இக்குறைபாட்டை ஆராய்ந்து, விவசாயிகளை அமைப்புகளாகத் திரட்டும் முயற்சியில் ஈடுபட்டனர். கடைக்கோடி வயல் என்பது விதிவிலக்கன்று; பல்லாயிரம் உழவரின் வாழ்நிலை அது. அதனை நீக்கிய சராசரி, இல்லாத ஒரு நாட்டின் விளைச்சலைக் கூறுகின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழும். செய்திமடற் குறிப்பு முடிந்த முடிபன்று. எழுதியவரின் இசைவின்றி அதனை மேற்கோளாகக் காட்டுதலுங்கூடாது என்னும் நிபந்தனையுடனேயே இத்தகைய மடல்கள் வழங்கி வந்துள்ளன. ஆதலின் முழுக் கட்டுரைக்குரிய கண்டிப்பை அதனிடம் எதிர்பார்த்தல் மிகை என்பர். இவ்வாதம் மேலெழுந்தவாரியாகவே வலிமை வாய்ந்தது. இசைவு நிபந்தனை காப்பது எழுதுபவரின் முந்துரிமையை, வாசிப்பவரை அன்று. மற்றோர் ஆய்வாளர் அதனை மேற்கோள் காட்டாது விடலாம். ஆனால் அதனை நம்பி அடுத்த போகத்துக்கான விதையைத் தெரிவதை எந்நிபந்தனையும் தடுப்பதில்லை. கடுமையான நடுவர் இல்லாதவிடத்து எழுதுபவரின் மனச்சாட்சி ஒன்றே நடுவராக எஞ்சுகின்றது. எனவே தற்காலிகமான குறிப்பு என்பது பொறுப்பைக் குறைப்பதன்று, கூட்டுவது.

அவ்வாறாயின் எதனை விடலாம், எதனை விடலாகாது? எல்லாவற்றையும் எழுதுதல் இயலாது. எழுதினால் மிகைபடக் கூறல் என்னும் அடுத்த குற்றம் வந்து சேரும். விடப்பட்ட செய்தியை அறிந்திருந்தால் வாசகர் வேறுவிதமாக நடந்திருப்பாரா என்பதே தகுந்த உரைகல் எனத் தோன்றுகின்றது. ஆய்வாளர் எந்த வண்டியில் வயலுக்குச் சென்றார் என்பதை விடலாம். மூன்றாம் வயலை விடலாகாது. இவ்வுரைகல்லும் குறையற்றதன்று. முகமறியாத வாசகர் எவ்வாறு நடப்பார் என்பதை எழுதுபவர் எப்படி அறிவார்? ஐயம் எழுமிடத்து ஒரு வரி கூடுதலாக எழுதுவதைவிட வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

வேறு வகையான குன்றக் கூறலும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் இலங்கையிற் புகழ்பெற்ற எச் 4 என்னும் நெல், இந்தோனேசியாவின் 'மாஸ்' இனத்தையும் 'முருங்கைக்காயன் 302'ஐயும் கலந்து பெறப்பட்டது. இந்நாட்டின் 'ரத்து ஹீனட்டி', அறக்கொட்டியானை எதிர்க்கும் மரபணுவொன்றை உலகுக்கு அளித்தது. முருங்கைக்காயன் என்பது தமிழ் உழவர் நாவிற் பிறந்த பெயர் என்பது வெளிப்படை. பெயர் வம்சாவளியில் நிற்கின்றது; தலைமுறை தலைமுறையாக அதனை விதைத்துத் தெரிந்து காத்தவர் எவரும் நிற்கவில்லை. அமெரிக்கக் கோதுமை ஆய்வாளர் 1994இல் தமக்கென ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டனர். ஓர் இனத்தை உருவாக்கியவரின் அனுமதியின்றி அதன் விதையைப் பிறருக்கு வழங்கலாகாது என்பது அதன் சாரம். நல்ல விதியே. ஆனால் உருவாக்கியவர் என்னும் சொல் ஆய்வு நிலையத்து வாயிலோடு நின்றுவிடுகின்றது. பயிர் மரபு வளங்கள் பற்றி 2001இல் ஏற்கப்பட்ட சர்வதேச உடன்படிக்கையே உழவரின் பங்களிப்பை ஏற்று, உழவர் உரிமை என்னும் தொடருக்கு இடமளித்தது.

மூன்றாம் வயலுக்குரியவர் அந்த மடலைப் பார்க்கப் போவதில்லை. தம் வயல் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதையும் அவர் அறியப் போவதில்லை. கடன்பட்டு உழுது விதைத்த ஒரு போகம் அவருக்கு அழிந்தது. அவ்வழிவினால் விளைந்த ஒரே பயன் அதிலிருந்து பிறர் கற்கக்கூடிய செய்திதான். அச்செய்தி கைப்பிரதியில் ஒரு வரியை மட்டுமே வேண்டுகின்றது: மூன்றாம் வயல், வாய்க்காற் கடைக்கோடி, குடலைப் பருவத்தில் நீரின்மை, விளைச்சல் இல்லை. இடம் போதாதென்று பதிப்பாசிரியர் அதனை வெட்டவும் கூடும். வெட்டினால் அது அவர் கணக்கு.