சூடிய மாலையும் ஒட்டிய பொம்மையும்

பழைய கொலு பொம்மைகளை இணையத்தில் விற்போர் இப்போது பலர். இராஜபாளையத்து வீடொன்றின் பாட்டி காலத்துத் தசாவதார செட் விலைக்கு வருகிறது என்று கொள்வோம். வராஹப் பெருமானின் கை ஒடிந்து ஒட்டப்பட்டது. புது வர்ணத்தில் தடம் தெரியவில்லை. கேளாதவரிடம் அதைச் சொல்லவும் வேண்டுமோ?

வங்கிப் பணியில் நாம் அடிக்கடி புரட்டிய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடி என்பதில்லை. அறிந்ததை முயன்று மறைப்பதையே மோசடி என்கிறது. ஆனால் கையிலெடுத்துப் பார்க்க இயலாதவருக்கு நம் படமும் சொல்லுமே கண். பழுதில்லாத பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் அது மௌனமன்று, மறைப்பே.

அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலே கோதை சூடிய மாலையைப் பெரியாழ்வார் கண்டார். பேசாமல் சாத்தியிருந்தால் ஊரார் ஒருவரும் அறியார். அவரோ விலக்கினார். எம்பெருமானோ சூடியதே தனக்கு உகப்பு என்று அருளினான். இன்றும் திருமலைப் பிரம்மோத்ஸவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலை, சூடியது என்று சொல்லியே செல்கிறது.

ஆகவே, பயன்பட்டிருப்பது குற்றமன்று. உகப்பதும் விலக்குவதும் பெறுபவர் உரிமை. மறைத்து அதைப் பறிப்பதே குற்றம். உண்மை சொன்னால் விலையில் சில நூறு ரூபாய் குறையலாம். ஒட்டிய கையோடே அந்த வராஹனை உகந்து ஏற்பவர் வரவும் கூடுமன்றோ?