பழக்கமும் பொறுப்பும்

மனிதன் ஒரு செயலைச் செய்கின்றானா, பழக்கம் அவனைக் கொண்டு செய்விக்கின்றதா என்பது ஒழுக்கவியலின் பழைய வினா. இதனை அறிய உளவியல் ஓர் உரைகல்லை அளித்துள்ளது. 1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சிலர், நெம்புகோலை அழுத்தி இனிப்புணவு பெற எலிகளைப் பயிற்றினர். பின்னர் அவ்வுணவை நோயுடன் இணைத்து வெறுக்கச் செய்தனர். சிறிதளவே பயின்ற எலிகள் அழுத்துவதைக் குறைத்தன. நெடிது பயின்றவையோ, வெறுத்த உணவுக்குரிய அச்செயலைத் தொடர்ந்தன. பயன் மதிப்பிழந்த பின்னரும் தொடரும் செயலே பழக்கம் எனப்பட்டது. எலி மூளையின் வரியுடலத்தில் உட்புறப் பகுதி நோக்குடைய செயலுக்கும் வெளிப்புறப் பகுதி பழக்கத்துக்கும் துணைநிற்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின.

சமுதாய வழக்கம் தனிமனிதப் பழக்கமன்று. எனினும் அவ்வுரைகல்லில் அதனையும் உரைத்துப் பார்க்கலாம். பகிடிவதையின் நோக்கம் ஏற்றத்தாழ்வைக் களைந்து தோழமை வளர்ப்பது என்பர். 1997இல் பேராதனையில் அதற்கு ஆளான முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தடைசெய்தது. கூறப்பட்ட நோக்கம் பொய்த்த பின்னரும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை.

‘வழிவழி வந்த பழக்கம்’ என்பதனால் குற்றம் நீங்குமா? நீங்காது. பழக்கம் செயலை எளிதாக்கும். அதன் பொறுப்பை ஏற்காது. ‘இதனை ஏன் செய்கின்றேன்?’ என வினவும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. தான் பட்டதைப் பிறருக்குத் தருமுன் அவ்வினாவை எழுப்பாதுவிடுதலும் அவனது தெரிவே. அத்தெரிவுக்கு அவனே பொறுப்பாளி.