காண்பானும் வாழ்வானும்: வன்னிப் புள்ளினப் புகலிடங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஓர் உயிரைக் கொல்லாது, கைப்பற்றாது, தூர நின்று கண்டு மகிழ்தல் குற்றமற்ற செயல் என்பது பொதுவான கருத்தாகும். பறவைகளை நோக்குதலும் காட்டுவிலங்குகளைக் காணச் செல்லுதலும் இத்தகையனவே. எனினும், ஒரு நிலப்பரப்பு காண்பதற்கென்றே ஒதுக்கப்படுமிடத்து, அந்நிலத்தைச் சார்ந்து வாழ்வோரின் உரிமை யாதாகும் என்னும் வினா எழுகின்றது. காண்பானின் மகிழ்ச்சிக்கும் வாழ்வானின் தேவைக்கும் இடையே நீதி எங்குளது? வன்னிப் பெருநிலத்தை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னி என்றதும் காடும் குளமுமே நினைவிற்கு வருவது வழக்கம். ஆயின் காட்டிற்கும் கடலுக்கும் இடையே மாரியில் நீர் தேங்கிக் கோடையில் உவர் பூக்கும் தரவைகளும், அவற்றையடுத்த களப்புகளும் அந்நிலத்தின் தனிச்சிறப்பாம். சுண்டிக்குளம், கொக்கிளாய் ஆகிய களப்புகள் இவ்வகையின. மாரி தொடங்கும் காலத்தில் வடபுலத்துக் குளிரை நீங்கி வரும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும், இவற்றோடு பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை முதலியனவும் இங்கு இரை தேடுகின்றன. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலும், கொக்கிளாய் 1951ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

2015 யூன் மாதத்தில் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. இம்மாற்றம் பெயரளவினதன்று. சரணாலயத்தினுள் தனியார் காணிகளும் மரபுவழித் தொழில்களும் இருத்தற்குச் சட்டம் இடமளிக்கின்றது. தேசியப் பூங்காவினுள்ளோ, அனுமதி பெற்று, விலங்கையும் தாவரத்தையும் பார்வையிடுதற்கே பொதுவாக இடமுண்டு. அஃதாவது, பார்த்தல் என்னும் ஒரு செயலைத் தவிர அந்நிலத்தோடு மனிதன் கொள்ளத்தக்க ஏனைய உறவுகள் அனைத்தும் குற்றத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. 2009இல் முடிவுற்ற போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து வாடி அமைக்கவும் மாட்டுப்பட்டி கட்டவும் முயன்ற மக்களுக்கு இது சிறிய செய்தியன்று.

காண்பானின் பக்கத்து நியாயத்தையும் நாம் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். பொருளை உடைமையாக்கும் விருப்பம் கலவாத மகிழ்ச்சியே தூய அழகுணர்ச்சி என ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். வன்னி வரலாற்றில் இக்கூற்றின் அருமை நன்கு புலப்படும். ஆனையிறவு என்னும் பெயர், யானைகள் வணிகப் பண்டமாகப் பெருநிலத்திலிருந்து கடத்திச் செல்லப்பட்ட காலத்தை நினைவூட்டுவது. இலங்கைப் பறவைகளைப் பற்றி 1878 முதல் 1880 வரை பெருநூல் வெளியிட்ட லெக் என்னும் படை அதிகாரியின் காலத்தில், பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் அதனைச் சுட்டு வீழ்த்தி ஆராய்தலேயாம். வணிகனின் கண்ணையும் துவக்கின் குறியையும் கடந்து தொலைநோக்குக் கண்ணாடிக்கு மனிதன் வந்து சேர்ந்தமை அறவளர்ச்சியே. மேலும், நிலத்தில் வாழ்வோர் அனைவரும் அதன் காவலர் எனக் கொள்வதும் பொருந்தாது. கட்டுத்துவக்கு வைப்போரும் இரவில் வலைவிரித்துப் பறவை பிடிப்போரும் வெளியூரார் மட்டும் அல்லர்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரும் காண்பானின் குற்றமின்மை முழுமை பெறுவதில்லை. அவன் கண்டு வியக்கும் காட்சி மனிதக் கை படாத இயற்கை அன்று. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில் தேக்கப்பட்டு, வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சிய நீராய்ச் சுண்டிக்குளக் களப்பை அடைகின்றது. குளக்கட்டைக் காத்தோரும் வாய்க்காலைத் திருத்தியோரும் களப்பின் நீரிலும் பங்குடையர். காலபோக உழவின்போது கலப்பையின் பின்னே கொக்குகள் இரை பொறுக்குவதைக் கண்டோர்க்கு, வயலும் ஒரு பறவை நிலமே என்பது சொல்லாமலே விளங்கும். அன்றியும், வந்துபோவோர்க்கு விருந்தாகும் யானை, வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களின் உழவனைப் பரணில் இரவெல்லாம் விழித்திருக்கச் செய்கின்றது. மயிலின் தோகை ஒருவனுக்கு அழகு. அதே மயில் கொத்தித் தின்னும் கதிர் மற்றொருவனுக்கு இழப்பு. பார்த்தல் தன்னளவில் அநீதியன்று. பயன் ஒருவனுக்கும் செலவு மற்றொருவனுக்கும் ஆகும்படி அதனை அமைத்தலே அநீதியாகும்.

தமிழ் மரபு இதனை வேறொரு வகையாய் நோக்கியுள்ளது. தொல்காப்பியர் திணைக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும்பொழுது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கின்றார். புள்ளும் தொழிலும் ஒரே நிலத்தின் உறுப்புகள்; ஒன்றைக் காத்தற்கு மற்றொன்றை வெளியேற்றும் எண்ணம் அங்கு இல்லை. இஃது இலக்கியக் கோட்பாடேயன்றி நடைமுறையன்று எனின், தமிழகத்து வேடந்தாங்கலைக் காட்டலாம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், அவற்றைச் சுட்டோரை எதிர்த்து முறையிட்டு, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து காப்புரிமை ஆணை பெற்றனர். சரணாலயம் என்னும் சட்டச்சொல் பிறக்குமுன்னரே அங்குக் காவல் பிறந்தது. அக்காவலுக்கு வேர் பார்வை அன்று, கூட்டு வாழ்வு.

எனவே தேசியப் பூங்காக்கள் வேண்டா என்பது நம் முடிபன்று. பறவைக்கும் தன் வாழ்வு உண்டு. அது காண்பானுக்காகவோ உழவனுக்காகவோ படைக்கப்பட்டதன்று. கூடு கட்டும் காலத்தில் மீனவனை விலக்குவது நியாயமெனின், படம் பிடிப்பவனையும் விலக்குவதே நியாயம். பயிரிழப்புக்கு உரிய காலத்தில் ஈடு வழங்கப்படல் வேண்டும்; ஊறு விளையாத பருவங்களில் தொழிலுக்கு வழிவிடல் வேண்டும்; எல்லைக்கல் நாட்டுமுன் அந்நிலத்தாரின் சொல் கேட்கப்படல் வேண்டும். இவற்றுக்கு உடன்படாது காட்சியை மட்டும் வேண்டுவோன், துவக்கைக் கீழே வைத்தானேயன்றி வேட்டைக்காரனின் உரிமையுணர்வை இன்னும் கைவிட்டானல்லன். மாரிதோறும் வன்னிக்கு வரும் பறவைகளை வரவேற்கும் நாம், அவற்றுக்கு முன்னரே அங்கு மீண்டுவந்து காத்திருக்கும் மக்களையும் காணும் கண் உடையோமா என்பதே நம் முன்னுள்ள வினா.