சோர்வு பாவமா?

நெற்குப்பையில் வீடு சந்திப்புக்காகச் சென்றிருந்த ஒரு மாலை. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் இல்லம். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். (அவரை எவரும் இனங்காணாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) அன்று அடுப்பு எரிந்த அடையாளமே அந்த வீட்டில் இல்லை. நலம் விசாரித்தோம்.

“ஒண்ணுமில்லை சாமி. தலை கனமா இருக்கு. விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. அவ்வளவுதான்.”

வழக்கம்போல, செபமாலை சொல்லுங்கள், அமைதி கிடைக்கும் என்றோம். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதுதான் சாமி முடியலை. முதல் மணியிலேயே நின்னுடுது. ஆண்டவருக்கே என்னை வேண்டாம்போல” என்றார்.

சுமையை இறக்க வந்த நாம் மேலும் ஒரு கல்லை ஏற்றிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. செபிக்க இயலாதவரிடம் செபத்தையே மருந்தாகக் கொடுத்தால், இயலாமை அவருக்குக் குற்றமாகத் தெரிகிறது.

சோர்வு பாவமா என்னும் கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே பாலைவனத் துறவி எவாக்ரியுஸ், துயரத்தையும் ஆன்மச் சோம்பலையும் துறவியரைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் வைத்து எண்ணினார். ஆனால் அவர் பேசியது மனம் எதிர்த்துப் போராடக்கூடிய சோதனையைப் பற்றி. மனச்சோர்வு நோயோ, போராட வேண்டிய அந்த மனத்தின் வலிமையையே உறிஞ்சிவிடுகிறது. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்று குருமடத்தில் படித்தோம். படித்ததை இங்கே பொருத்திப் பார்க்கத்தான் மறந்துவிடுகிறோம்.

திருச்சபையும் இதைப் படிப்படியாகவே கற்றுக்கொண்டது. அறிந்தே தன்னுயிரை மாய்த்துக்கொண்டோர்க்கு 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநலக் கோளாறு அத்தகையோரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இல் வெளியான மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே புதைக்கப்பட்டோரை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

துக்கம் வேறு, இந்நோய் வேறு. கணவரை இழந்தவர் அழுவார். பேரக்குழந்தையின் குரல் கேட்டால் சற்றே சிரிக்கவும் செய்வார். நோயில் அந்தச் சிரிப்பும் வருவதில்லை. முன்பு விரும்பியவை சுவையற்றுப் போகின்றன. உறக்கமும் பசியும் கெடுகின்றன, அல்லது அளவு மீறுகின்றன. சிறு வேலையும் மலையாகிறது. தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. இவற்றுள் பல சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். நம் பெரியவர்களோ மனத்தைச் சொல்லாமல் உடம்பைச் சொல்வார்கள்: தலைக்கனம், நெஞ்செரிச்சல், கைகால் அசதி. தைராய்டு குறைவும் இரத்தசோகையும்கூட இதே தோற்றம் தரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

நெற்குப்பை என்றதும் பலருக்கு, இங்கே 1921-இல் பிறந்து உலகெங்கும் பயணம் செய்து எழுதிய சோமலெ நினைவுக்கு வருவார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் மக்களை அனுப்பிய செட்டிநாட்டு மண் இது. போனவர்களின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. பெரிய வீடுகளில் காத்திருந்தவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. தனிமை மட்டுமே நோயாகிவிடாதுதான். ஆனால் நோய் வந்திருப்பதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இருப்பதில்லை.

மறைப்பதற்கும் காரணம் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று, அடுத்த மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தவர் 28 பேர். மனநோய் என்றால் சங்கிலி என்ற அச்சம் நம் பகுதியில் அதற்கும் முன்பே இருந்தது. பேய் ஓட்டுகிறோம் என்று நோயாளியை உலுக்கும் செபக்கூட்டங்கள் நம்மவரிடையேயும் உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்ட எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். ஓரேபு மலையும் மெல்லிய ஒலியும் பிறகுதான் வந்தன. மருத்துவரை மதிக்கும்படி சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் சொல்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, தமது 42-ஆம் வயதில் ஆறு மாத காலம் வாரம் ஒருமுறை உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் சென்றதாக 2017-இல் வெளியான உரையாடல் நூலில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். நம் பங்கு மக்களுக்கு வெட்கம் எதற்கு?

“சாகணும் என்று தோன்றுகிறதா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. வெளியே சொல்ல வழி கிடைக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றி, அன்றே அழைத்துச் செல்லுங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நலமானதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இந்த இரண்டையும் அறியாமல் பாதியில் விட்டவர்கள் பலர்.

அந்த ஆசிரியையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது பக்கத்து வீட்டு மருமகள், நாம் அல்ல. முதல் இரண்டு வாரமும் பலனில்லை என்று மாத்திரையை வீசப்போனவரைத் தடுத்ததும் அவளே. ஆறாவது வாரம் மீண்டும் சென்றோம். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. “புளி கொஞ்சம் தூக்கலாப் போச்சு சாமி” என்றார். செபமாலை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.