தகவல் எப்போது அறிவாகிறது?

தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் முதலாண்டு அறிமுகப் பாடத்தில் மாணவர் முதலில் சந்திக்கும் படங்களில் ஒன்று, ஒரு பிரமிடு. அடியில் தரவு, அதன்மேல் தகவல், அதற்கும் மேல் அறிவு, உச்சியில் ஞானம். 1989இல் ரஸல் அக்காஃப் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பெரிதும் பரவிய அடுக்கு இது. தரவைச் சீராக்கினால் தகவல், தகவலைப் பயன்படுத்தத் தெரிந்தால் அறிவு என்று ஒரே வகுப்பில் முடித்துவிடுவதும் உண்டு. தகவலை அறிவாக்குவது எது என்பதோ மெய்யியலின் பழைய கேள்வி. இந்தியத் தத்துவ மரபுகள் அதற்காகவே, அறிவு பெறும் வழிகளான அளவைகளை (பிரமாணங்களை) ஆராயும் அளவை இயல் என்று ஒரு தனித் துறையை வளர்த்தன.

பாடத்தின் அடித்தளம் கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட தகவல்தொடர்புக் கோட்பாடு. ஒரு செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியல் சிக்கலுக்குத் தேவையற்றது என்று அவர் அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தார். அவர் அளந்தது, எத்தனை சாத்தியங்களிலிருந்து ஒரு செய்தி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை. பூவா தலையா போட்ட முடிவைச் சொல்ல ஒரு பிட் போதும். நாளை சூரியன் உதிக்கும் என்ற செய்தியின் அளவு ஏறக்குறைய பூஜ்யம். இதன் விளைவு வியப்பானது. திருக்குறள் முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்தால் சுருக்கும் மென்பொருள் அதைக் கணிசமாகச் சுருக்கிவிடும். எழுத்துகளைச் சமவாய்ப்போடு குலுக்கிப் போட்டு அதே எண்ணிக்கையில் எழுதினால் அந்த அளவுக்குச் சுருங்காது. ஷானனின் கணக்கில் குறளைவிட அந்தக் குப்பைக்கே தகவல் அதிகம். கணக்கு பிழையல்ல, அது வேறொன்றை அளக்கிறது.

‘அ’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். யூனிகோடில் அதன் எண் 2949. யுடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகப் பயணிக்கிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் பிழையறியும் குறியீடு கண்டுபிடித்துவிடும். அந்த ‘அ’ அம்மா என்ற அழைப்பின் தொடக்கமா, அவதூறு ஒன்றின் தொடக்கமா என்பதைக் கம்பி அறியாது, அறியவும் வேண்டாம். ஷானனின் கட்டுரையோடு 1949இல் நூலாக வந்த தம் விளக்கத்தில் வாரன் வீவர் மூன்று நிலைகளைப் பிரித்தார்: குறி சரியாகச் சேர்ந்ததா, பொருள் சரியாகச் சேர்ந்ததா, கேட்டவரிடம் கருதிய விளைவு ஏற்பட்டதா. பாடத்தின் பெரும்பகுதி முதல் நிலையிலேயே கழிகிறது.

அந்த இந்திய மரபுகளில் ஒன்றான நியாயத்தின் விசாரணை இரண்டாம் நிலையில் தொடங்குகிறது. சொற்கள் ஒன்றையொன்று வேண்டி நிற்க வேண்டும், அருகருகே வர வேண்டும், பொருளால் பொருந்தவும் வேண்டும் என்கிறது அது. நெருப்பால் நனைத்தான் என்ற வாக்கியம் பொருந்தாமைக்கு மரபான உதாரணம். பிழையே இல்லாமல் போய்ச் சேர்ந்தாலும் அது எதையும் அறிவிக்காது.

பொருள் விளங்கிய வாக்கியமும் உண்மையாக இருந்தாக வேண்டியதில்லை. ஆகவே நியாயம் சொல்பவரிடம் செல்கிறது. நம்பத்தக்கவரின் உரையே உரை என்னும் பிரமாணம் என்பது நியாய சூத்திர ஆசிரியர் கௌதமரின் சூத்திரம். நம்பத்தக்கவர் யார்? பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்லும் விருப்பத்தால் பேசுபவர் என்று வாத்ஸ்யாயனர் உரை வகுக்கிறார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் அவர் சேர்க்கிறார். பிறப்பைப் பாராமல் அறிவையும் நேர்மையையும் மட்டும் பார்க்கும் இந்த வரி இன்றைக்கும் நம்பகத்தன்மைக்கான ஒழுங்கான அளவுகோல்.

எல்லாரும் இதற்கு உடன்படவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கூறும் பௌத்த அளவைகள் காட்சியும் கருத்தும் (அனுமானமும்) ஆகிய இரண்டே. பிறர் உரைக்குத் தனி இடமில்லை. உரையை நம்புவதும், சொல்பவரின் தகுதியிலிருந்து செய்யும் அனுமானமே என்பது பௌத்த அறிஞர் திக்நாகரின் வழியினர் வாதம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரோ பல அளவைகளை எண்ணிக் காட்டிவிட்டு, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அவற்றை அடக்குகிறது. அங்கே உரை என்பதன் உச்சம் இறைநூல். வேறுபாடு பெரிது. ஆனாலும் கேட்டது ஒன்று வந்து சேர்ந்துவிட்டதாலேயே அறிவாகிவிடும் என்று இவர்களில் எவரும் கொள்ளவில்லை.

டிஜிட்டல் கையொப்பம் இந்த இடத்தில் பாதி வேலையைச் செய்கிறது. செய்தி இன்ன சாவியால் ஒப்பமிடப்பட்டது, நடுவில் மாறவில்லை என்று அது உறுதி சொல்லும். ஒப்பமிட்டவர் பொருளை அறிந்தவரா, அறிந்தபடி சொன்னாரா என்பதை எந்தக் கணிதமும் சொல்லாது. சில உலாவிகளில் தெரியும் பூட்டுச் சின்னம் இணைப்பின் பாதுகாப்பைத்தான் குறிக்கிறது. பொய்யான தளமும் அதைப் பெறலாம். சொற்களைப் புள்ளியியலால் கோத்து வாக்கியம் அமைக்கும் இயந்திரங்கள் வந்தபின் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இலக்கணமும் பொருத்தமும் அவற்றின் வாக்கியத்தில் உண்டு. நேரே கண்டவர் என்று சொல்ல அதன் பின்னால் ஒருவரும் இல்லாமலிருக்கலாம்.

பிட், பைட், நெறிமுறை ஆகியவற்றைக் கற்பிக்கும் முதல் பருவத்திலேயே, யார் சொன்னால் எதனால் நம்பலாம் என்ற அளவை விசாரணைக்கும் சில வகுப்புகள் ஒதுக்கப்பட வேண்டும். அதற்குக் கணினி ஆய்வகம் தேவையில்லை. தத்துவத் துறை ஆசிரியர் ஒருவரை அழைத்தாலே போதும்.