ஓர் இகுவானாவுக்குப் பட்ட கடன்

கருணை வேறு, பற்று வேறு என்று படிக்கிறோம். ஆனால் வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டும் இரவில் கண்விழிக்கச் செய்கின்றன. இரண்டும் கண்ணீர் சிந்துகின்றன. வேறுபாட்டை வகுப்பறையில் விளக்குவது எளிது. 2024 ஜனவரியில், கொல்கத்தாவில் பக்தர் ஒருவரின் வீட்டில் ஒரு செருப்புப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தபோது எனக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஓர் இளம் பச்சை இகுவானா. நம் ஊர் ஓணானுக்குத் தூரத்து உறவு எனலாம். பூர்விகம் மத்திய அமெரிக்க, தென்னமெரிக்கக் காடுகள். வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடிகூட இருக்கும். இதுவோ வாலை நீக்கிப் பார்த்தால் ஒரு சாண்கூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அந்த வீட்டுப் பையன் துர்கா பூஜை விடுமுறையில் அதை ஒரு கடையில் வாங்கியிருந்தான். 'கீரை கொடுத்தால் போதும்' என்று சொல்லி அனுப்பினார்களாம். விளக்கைப் பற்றியோ வெப்பத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபரில் ஒன்றும் தெரியவில்லை. கொல்கத்தாவின் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 13, 14 டிகிரிக்கு இறங்கும். அப்போதுதான் அது தும்மத் தொடங்கியது. பையன் அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, அரைகுறைப் படிப்பு. இகுவானாவின் மூக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதும் அது தும்மி, வெள்ளைப் பொடிபோல் உப்பைச் சிதறும். இதை அவன் படித்திருந்தான். உப்பு நின்று, மூக்கில் பிசுபிசுத்த நீர்க்குமிழி தோன்றியதை அவன் கவனித்தபோது ஒரு வாரம் கடந்துவிட்டது. நான் பார்த்த அன்று அது தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம்.

பையன் தன்னால் இயன்றதையெல்லாம் செய்திருந்தான். பாட்டியின் காஷ்மீர்ச் சால்வையைக் கிழித்து அதற்குப் போர்த்தியிருந்தான். வெதுவெதுப்பான பாலைத் தேக்கரண்டியால் வாயில் விட்டிருந்தான். இரவெல்லாம் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஊர்வனவற்றுக்கும் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்தோம் (அதற்குமுன் ஒருவர், 'இதற்கெல்லாம் ஊசி போடுவதில்லை' என்று அனுப்பிவிட்டார்). அவர் முதலில் அப்புறப்படுத்தியது அந்தச் சால்வையைத்தான்.

கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியேறாமல் காக்கிறது, அவ்வளவுதான். நமக்கு உள்ளே அடுப்பு எரிகிறது. ஆகவே கம்பளி பயன்படுகிறது. பல்லியினத்துக்கு அந்த அடுப்பு இல்லை. அதன் சூடெல்லாம் வெளியிலிருந்து, சூரியனிடமிருந்து வர வேண்டும். அதைக் கம்பளியில் சுற்றினால் குளிர்ந்த உடல் குளிர்ந்தே கிடக்கும். வருகின்ற சூடும் தடைபடும். பாலோ மூச்சுக்குழலில் இறங்கி நோயை மேலும் மோசமாக்கக்கூடியது. தவிர, அது இலைதழை தின்னும் பிராணி. மருத்துவர் இவற்றைச் சொல்லச் சொல்லப் பையனின் முகம் கறுத்தது. "அப்படியானால் நான் இத்தனை நாள் செய்தது அன்பே இல்லையா, மகராஜ்?" என்று வெளியே வந்ததும் கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அது அன்புதான். ஆனால் தனக்கு இதமாக இருப்பதே அதற்கும் இதமாக இருக்கும் என்று எண்ணிய அன்பு. தாய்மார்கள்கூட இப்படிச் செய்வதுண்டு. நாம் நேசிக்கும் உயிர் நம்மைப் போன்றதே என்று எடுத்துக்கொள்வது அன்பின் முதல் படியாக இருக்கலாம். அங்கேயே நின்றுவிட்டால் நேசிக்கப்படும் உயிர் சாகவும் கூடும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான். ஒரு விளக்கு, அதன்கீழ் வெயில் காய்வதற்கு ஓர் இடம், 35 டிகிரி அளவில். தொட்டியின் மறுகோடி சற்றுக் குளிர்ந்திருக்க வேண்டும், வேண்டியபோது அது தானே நகர்ந்துகொள்வதற்கு. இரவில் 24-க்குக் குறையக் கூடாது. முன்னங்காலில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, மூன்று வாரம். பின்னங்காலில் போட்டால் மருந்து உடம்பில் பரவுமுன்னே சிறுநீரகத்துக்குப் போய்விடக்கூடுமாம். பல்லிகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. சளியை இருமித் தள்ள இயலாது. அவற்றின் சீழோ பன்னீர்க்கட்டிபோல் இறுகிவிடும். ஆகவே குணமாவதற்கு நாளாகும், குணமாகும் என்ற உறுதியும் இல்லை. கடைசியாக ஒன்று சொன்னார்: "ஊசி போடும் நேரம் தவிர அதைத் தொடாதே." அந்தச் சிகிச்சையிலேயே கசப்பான மருந்து பையனுக்கு அதுதான்.

வெப்பத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாத்யூ குளூகரும் அவருடைய சகாக்களும் பாலைவன இகுவானாக்களை ஆராய்ந்தார்கள். கிருமி செலுத்தப்பட்ட பல்லிகள், வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப்போய் அமர்ந்தன. நமக்கு உடம்பே காய்ச்சலை உண்டாக்குகிறது. அவையோ நடந்துபோய்க் காய்ச்சலைப் பெற்றுக்கொள்கின்றன! அடுத்து, நோயுற்ற பல்லிகளைப் பலவித வெப்பநிலைகளில் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். சூடான அறையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. குளிர்ந்த அறையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இறந்தன. 1975-இல் இது வெளியாயிற்று. காய்ச்சல் உடம்பின் எதிரி அல்ல, நண்பனாகவும் இருக்கக்கூடும் என்று மருத்துவ உலகம் தெளிவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, ஒரு சங்கடமும் வந்தது. செருப்புப் பெட்டியில் கிடந்த இந்த ஒன்றைக் காப்பாற்றும் அறிவு, குளிர் அறையில் சாக விடப்பட்ட வேறு பல்லிகளிடமிருந்து கிடைத்தது. அவற்றின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. ஆய்வாளர்களைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. அவர்களாவது எதையோ அறிவதற்காகச் செய்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கிராமத்தில் தென்னை ஈர்க்கில் சுருக்கு வைத்து ஓணான் பிடிப்போம். ராமபிரான் தாகத்தால் வாடியபோது அவமதித்த ஜாதி அது என்று ஒரு கதை சொல்லிக்கொள்வோம். அடிப்பதற்கு அந்தக் கதை போதும். பிடித்த ஓணானின் வாயில் மூக்குப்பொடி போட்டு, அது சுற்றுவதைப் பார்த்துச் சிரிப்போம். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. கொல்கத்தாவில் அந்தப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தபோது நான் கண்டது அதே வாய்.

பையனின் தந்தை நியாயஸ்தர். அவர் கேட்டார்: "மகராஜ், விளக்கு, மருந்து, மருத்துவர் என்று இதுவரை எத்தனையோ ஆயிரம் ஆகிவிட்டது. நம் தெருமுனையில் குளிரில் படுத்திருப்பவர்களுக்கு அதில் எத்தனை கம்பளி வாங்கலாம்! இதற்கு நன்றிகூடத் தெரியாதே."

இரண்டு கேள்விகளை அவர் ஒன்றாக முடிந்திருந்தார். நன்றியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட், மிருகங்களுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றார். மிருகத்திடம் கொடூரமாக நடப்பவன் மனிதனிடமும் அப்படியே நடக்கப் பழகிவிடுவான், ஆகவே கூடாது என்பது அவர் வாதம். ஆயினும் பல்லாண்டு உழைத்த நாயை, வயதானபின் வைத்துக் காப்பாற்றுவது தகும் என்றும் தம் மாணவர்களுக்குச் சொன்னார். அதே இடத்தில், லைப்னிட்ஸ் ஒரு சிறு புழுவை ஆராய்ந்து முடித்தபின் இலையோடு எடுத்துச் சென்று மரத்திலேயே விட்டதையும் நினைவுகூர்கிறார். நாய் உழைத்தது; சரி. புழு என்ன உழைத்தது? காண்டின் கோட்பாட்டைவிட அவர் தேர்ந்தெடுத்த உதாரணம் பெரியது என்று எனக்கு எப்போதும் தோன்றுவதுண்டு. இகுவானாவும் உழைக்கவில்லை, காவல் காக்கவில்லை, வாலாட்டவும் இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு நன்மை இருக்கிறது: சூடு, இலை, தனிமை, எளிதாக வந்துபோகும் மூச்சு. நம்மிடம் அது சொல்லாவிட்டாலும் அது இருக்கவே செய்கிறது.

தெருமுனை மனிதரைப் பற்றிய கேள்வி கடினமானது. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஊரில் உள்ள இகுவானாக்களை எல்லாம் தேடிப்பிடித்து வைத்தியம் செய்யப் புறப்பட்டிருந்தால் நான் தந்தையின் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் இது தானம் அல்ல, கடன். சூரியனுக்கு உரிய பிராணியைக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள் நாம். ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார். அந்த வியாபாரத்தில் அது பேசவில்லை. வாங்கியபோது கொடுத்த பணம் பொழுதுபோக்குக்கு. இப்போது கொடுப்பது கடனுக்கு. தர்மம் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கடன்காரனைத் திருப்பி அனுப்புவது நேர்மை ஆகாது. கம்பளியும் வாங்கலாம். வாங்கினார்கள் என்றும் அறிந்தேன்.

பாட்டியின் கவலை வேறு. "பரத மகாராஜா கதை தெரியும் அல்லவா? ஒரு மான்குட்டியால் தவமே கெட்டது. இவன் தேர்வு நேரத்தில் பல்லியை நினைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த பிறவியில் என்ன ஆவானோ!" பாட்டி விளையாட்டாகச் சொல்லவில்லை.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் இந்த வரலாற்றை, ஜீவகாருண்யம் கூடாது என்பதற்குச் சான்றாகச் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அரசைத் துறந்த பரதர், ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட மான்குட்டியைக் காப்பாற்றினார்; அதையே நினைத்து இறந்தார்; மானாகப் பிறந்தார். இத்தோடு கதையை நிறுத்துவதுதான் தவறு. மூன்றாம் பிறவியில் அவர் ஜடபரதராகிறார். ரஹூகண மன்னனின் பல்லக்கைச் சுமக்கும்படி அவரைப் பிடித்துப்போகிறார்கள். காலடியில் எந்த உயிரும் நசுங்கிவிடக் கூடாது என்று ஓர் அம்பளவு தூரம் தரையைப் பார்த்துப் பார்த்து அவர் நடக்க, பல்லக்கு ஆடுகிறது, மன்னன் கோபிக்கிறான். மானால் ஒரு பிறவியையே இழந்தவர், மூன்றாம் பிறவியில் எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறார்! காருண்யம் குறையவில்லை, பெருகியிருக்கிறது. போயிருப்பது 'என் மான்' என்பதில் உள்ள 'என்' மட்டுமே. பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பையன் தொடாமல் இருந்தான். எதிரே அமர்ந்து பாடம் படித்தான். வெப்பமானியைப் பார்த்து எழுதிவைத்தான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அது தானாகவே ஊர்ந்து விளக்கின்கீழ் போய்ப் படுத்தது. குளூகரின் பல்லிகள் செய்ததைப் போல! பையன் தொலைபேசியில் சொன்னபோது அவன் குரல் நடுங்கியது. "மகராஜ், அது என்னிடம் வரவில்லை, விளக்கிடம்தான் போயிற்று" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். மூன்று வாரத்தில் அந்த 'டிக்' சத்தம் நின்றது.

இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் வெளியாயின. அந்தக் குடும்பத்தாரும் பதிவு செய்தார்கள். துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று பையன் என்னிடம் கேட்டான், வேண்டாம் என்றேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி அது. பட்ட கடன் ஒன்றே போதும்.

அவன் இப்போது வெளியூரில், கல்லூரி விடுதியில் இருக்கிறான். குளிர்கால இரவுகளில் மின்சாரம் நின்றால் எழுந்துபோய்த் தொட்டிக்குள் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைப்பது பாட்டிதானாம். அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பாட்டி இன்னும் 'அது' என்றுதான் சொல்கிறார்.